கூடாரத்துக்குள் 12 கிலோ பனி

கார் கூரைமேல் பொருத்திக்கொண்டு போய், நிறுத்துகிற இடத்தில் ஏணி போட்டு விரித்துக்கொள்ளும் கூடாரங்கள் இப்போது நம்மூர் நெடுஞ்சாலைகளிலும் கண்ணில் படுகின்றன. இத்தாலியில் 1950களின் இறுதியிலேயே கடைக்கு வந்துவிட்ட சரக்குதான் இது. இங்கே இப்போதுதான் மவுசு. லடாக், ஸ்பிட்டி என்று கிளம்புகிற அலுவலக நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "குளிருக்கு உள்ளே எந்த ஹீட்டர் வைக்கலாம்?"

துருவப் பயணங்களைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் பல வருடங்களாகப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். என் பதில் அவர்களுக்கு எப்போதும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஹீட்டரைக் கடைசியில் யோசிக்கலாம். உங்கள் மூச்சிலும் வியர்வையிலும் இருக்கிற தண்ணீர் ராத்திரி எங்கே போகப் போகிறது என்று முதலில் சொல்லுங்கள் என்பேன். கேட்பவர்கள் விழிப்பார்கள். விழிப்பதில் ஆச்சரியம் இல்லை. உலகின் தலைசிறந்த பயணிகளுக்கே இந்தக் கேள்வியின் முக்கியத்துவம் புரிய சில நூற்றாண்டுகள் ஆயின. கால்விரல்களையும், சில சமயம் உயிரையும் கொடுத்துத்தான் புரிந்துகொண்டார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுத உத்தேசம்.

ஒரு சின்ன முன்குறிப்பு. கூரைக் கூடாரத்துக்கு என்றே ஒரு தனிப் பிரச்சினை உண்டு. தரையில் படுத்தால் கீழே மண் இருக்கிறது. மண் அவ்வளவு சீக்கிரம் குளிர்ந்துவிடாது. கார் கூரைமேல் படுத்தால் கீழேயும் காற்று ஓடுகிறது. குளிர் நாடுகளில் சாலையைவிடப் பாலத்தின்மேல்தான் முதலில் பனி உறையும் என்று பலகை வைத்திருப்பார்கள். அதே காரணம்தான். நீங்கள் படுத்திருப்பது ஒரு பாலத்தின்மேல். மெத்தையின் அடிப்பக்கம் காலையில் சொதசொதவென்று நனைந்திருப்பதும் இதனால்தான். உடம்பிலிருந்து இறங்கும் ஆவி, குளிர்ந்த அடிப்பலகையைத் தொட்டதும் தண்ணீராகிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் ஹீட்டர் விஷயத்தை முடித்துவிடலாம். அதற்கு 1596க்குப் போக வேண்டும்.

வடக்கு வழியாகச் சீனாவுக்குக் கடல்பாதை தேடிப் போன டச்சுக் கப்பல் ஒன்று நோவாயா செம்லியா தீவின் கரையில் பனிக்கட்டியில் சிக்கிக்கொண்டது. தலைவர் ஹீம்ஸ்கெர்க், வழிகாட்டி வில்லெம் பாரென்ட்ஸ். கரை ஒதுங்கிய மரங்களையும் கப்பலின் பலகைகளையும் வைத்து ஒரு வீடு கட்டிக்கொண்டு குளிர்காலம் முழுவதையும் அங்கேயே கழித்தார்கள். ஐரோப்பியர்கள் அவ்வளவு வடக்கே குளிர்காலத்தைக் கழித்ததற்கு நம்மிடம் உள்ள முதல் விரிவான பதிவு இதுதான். எழுதியவர் கூடவே இருந்த கெரிட் டெ வீர். நெருப்பின் முன்னால் காலை நீட்டினால் சூடு தெரிவதற்கு முன்பே காலுறை கருகிவிடுகிறது, முதுகுப்பக்கமோ உறைபனியால் வெளுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார். கல்லைச் சுட்டுப் படுக்கைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொண்டும் தூங்கியிருக்கிறார்கள்.

டிசம்பர் 7ஆம் தேதி அவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. கப்பலில் நிலக்கரி இருந்தது. விறகைவிட நல்ல சூடு. கொண்டுவந்து மூட்டினார்கள். அந்தச் சூட்டை வீணாக்க மனசு வராமல் கதவையும் புகைபோக்கியையும் இறுக்கி அடைத்துவிட்டார்கள். பல வாரங்களுக்குப் பிறகு முதல் தடவையாகக் கதகதப்பு. படுத்தபடி சந்தோஷமாகக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தலை சுற்ற ஆரம்பித்தது. ஏற்கெனவே நோயில் படுத்திருந்த ஒருவருக்குத்தான் முதலில் தாங்க முடியாமல் போனது. அவர் முனகியதால்தான் மற்றவர்களுக்கு உறைத்தது. தெம்பு மிச்சமிருந்த ஒருவர் எழுந்து புகைபோக்கியைத் திறந்து, கதவையும் திறந்துவிட்டு, வெளியே பனியில் மயங்கி விழுந்தார். டெ வீர் ஓடிப்போய் அவர் முகத்தில் வினிகரைத் தெளித்து எழுப்பினார். அதுவரை எதிரியாக இருந்த குளிர்தான் அன்று அவர்களைக் காப்பாற்றியது. இதை டெ வீரே குறிப்பிடுகிறார்.

கார்பன் மோனாக்சைடு என்ற பெயரெல்லாம் அப்போது கிடையாது. வாசனை இல்லை, நிறம் இல்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இதைப் பற்றிக்கொள்ளும். தூக்கம் வருவது போல இருக்கும், அவ்வளவுதான். கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் எழுந்திருக்காதவர்கள் பற்றிய செய்தி நம் நாளிதழ்களில் வந்திருக்கிறது. 400 வருடத்துக்கு முன் டச்சுக்காரர்கள் செய்த அதே காரியம். அவர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. பாரென்ட்ஸ் அடுத்த ஜூனில் திரும்பும் வழியில் இறந்துபோனார், 12 பேர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வீட்டின் மிச்சங்களை 1871இல் நார்வேக்காரரான எல்லிங் கார்ல்சன் கண்டுபிடித்தார்.

ஆர்க்டிக்கில் பரம்பரையாக வாழ்ந்துவந்த இனுயிட் மக்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. பனிக்கட்டி வீட்டைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். அதன் உள்ளமைப்பைத்தான் கவனிக்க வேண்டும். நுழையும் வழி தாழ்வாக இருக்கும், தூங்குகிற மேடை உயரமாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அது கீழேயே தங்கிவிடும். கல்லைக் குடைந்து செய்த விளக்கில் சீல் கொழுப்பை ஊற்றி, பாசியைத் திரியாக்கி எரிப்பார்கள். உச்சியில் ஒரு ஓட்டை. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த சூட்டை ஓட்டை போட்டு வெளியே விடுகிறார்களே என்று தோன்றும். ஆனால் அந்த ஓட்டை இல்லாவிட்டால் டச்சுக்காரர்களின் டிசம்பர் 7 அங்கே தினமும் நடக்கும். மேடையில் பனிமான் தோலைப் பரப்பி, மேலேயும் தோலைப் போர்த்திக்கொண்டு, உள்ளே துணியே இல்லாமல் தூங்குவார்கள். பகல் உடுப்பின் ஈரம் படுக்கைக்குள் வராது. உடுப்பு விளக்குக்கு மேலே காய்ந்துகொண்டிருக்கும்.

ஈரத்துக்கும் காற்றுக்கும் ஒரே அமைப்பில் விடை இருக்கிறது. ஆனால் அங்கே போன ஐரோப்பியர்கள், குறிப்பாகப் பிரிட்டிஷ் கடற்படைக்காரர்கள், இவர்களிடம் கற்றுக்கொள்வதைக் கௌரவக் குறைவாக நினைத்தார்கள் என்பதுதான் என் வாசிப்பு. விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் பலர் நார்வேக்காரர்கள்.

ஃப்ரிட்ஜோஃப் நான்சன் 1888இல் ஆறு பேராகக் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தார். அந்த ஆறு பேரில் சாமுவேல் பால்டோ, ஓலே ராவ்னா என்ற இருவர் சாமி இனத்தவர்கள். ஆறு பேருக்கும் சேர்த்து இரண்டே தூங்கும் பைகள்தான், பனிமான் தோலில் செய்தவை. ஒரு பைக்கு மூன்று பேர். கூச்சம் பார்த்தால் குளிர் விடாது. நடுவில் படுப்பவனுக்கு யோகம். பனிமான் முடி ஒவ்வொன்றும் உள்ளே காற்றை அடைத்து வைத்திருக்கும் குழாய் மாதிரி. அதனால்தான் அந்தத் தோலுக்கு அவ்வளவு மதிப்பு. சாமி மக்கள் பூட்ஸுக்குள் ஒருவகைப் புல்லைத் திணித்துக்கொள்வார்கள். அது கால் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். ராத்திரி அதை எடுத்து உதறிக் காயவைத்து மறுநாள் திரும்பத் திணிக்கலாம். காலில் சேர்கிற ஈரத்தைத் தினம் தினம் வெளியேற்ற இப்படி ஒரு ஏற்பாடு.

நான்சன் கிரீன்லாந்துக்காக வடிவமைக்க ஆரம்பித்த சமையல் பாத்திரமும் ஒரு அருமையான பொறியியல். நடுவில் ஒரு பாத்திரம், அதைச் சுற்றி வளையமாக இன்னொன்று, மேலே ஒன்று. அடுப்பின் சூடான காற்று நடுப்பாத்திரத்தைத் தொட்டு, வளையத்தைச் சுற்றி, மேலே இருக்கும் பனியையும் உருக்கிவிட்டுத்தான் வெளியேறும். இதற்குத் துணையாக வந்து சேர்ந்தது, ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் 1892இல் கொண்டுவந்த பிரைமஸ் அடுப்பு. மண்ணெண்ணெயை ஆவியாக்கி நீலச் சுவாலையில் புகையில்லாமல் எரிப்பது. யாரோ வெளிநாட்டுக்காரன் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் வீடுகளில் கேஸ் வருவதற்கு முன்னால் அம்மாக்கள் பம்ப் அடித்து, ஓட்டையில் பின் குத்தி, உஸ்ஸென்ற சத்தத்தோடு பற்றவைத்த பம்ப் ஸ்டவ் இதன் வாரிசுதான். வடதுருவப் பனியில் நான்சன் கேட்ட அதே சத்தத்தைத்தான் நாமும் சமையலறையில் கேட்டோம்.

1895 மார்ச் 14 அன்று நான்சனும் யால்மார் யோஹான்சனும் 'ஃப்ராம்' கப்பலை விட்டு இறங்கி நாய்வண்டியில் வடதுருவத்தை நோக்கிக் கிளம்பினார்கள். ஓநாய்த் தோல் உடுப்பு வேர்த்துக் கொட்டுகிறது என்று கப்பலிலேயே விட்டுவிட்டார்கள். கம்பளி உடுப்பு போதும் என்ற கணக்கு. வெளியே மைனஸ் 40 டிகிரி. வண்டி இழுக்கும் உழைப்பில் உடம்பு வேர்க்கிறது. வேர்வை கம்பளிக்கு வருகிறது, கம்பளியின் வெளிப்புறத்தில் உறைகிறது. சில நாட்களில் உடுப்பு பனிக்கட்டிக் கவசமாகிவிட்டது. கோட்டின் கைப்பகுதி விறைத்துப்போய், மணிக்கட்டில் உராய்ந்து உராய்ந்து ஆழமான புண். ராத்திரி இருவரும் ஒரே பைக்குள் புகுந்து ஒட்டிக்கொண்டு படுப்பார்கள். உடுப்பு உருகி இளகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது வரைக்கும் பல் கிட்டித்துக்கொண்டு கிடக்க வேண்டும். ஈரக் காலுறைகளை நெஞ்சில் வைத்துக் காயவைப்பார்கள். எந்த அடுப்பு காயவைக்கிறது? அவர்கள் உடம்புதான் அடுப்பு. ஒவ்வொரு கிராம் பனியையும் உருக்கி ஆவியாக்க, சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து சூடு போகிறது.

அடுத்த குளிர்காலத்தை இருவரும் ஃப்ரான்ஸ் யோசஃப் தீவுகளில் கல் சுவரும் வால்ரஸ் தோல் கூரையும் போட்ட ஒரு குழியில் கொழுப்பு விளக்கோடு கழித்தார்கள். இனி தனித்தனியாகத் தூங்கலாம் என்று முயன்று பார்த்து, விறைத்துப்போய், மறுபடியும் போர்வைகளைச் சேர்த்துத் தைத்து ஒரே பையாக்கிக்கொண்டார்கள்.

இனி இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன்.

1911 ஜூன் 27. அண்டார்டிகாவின் கேப் எவன்ஸ். ராபர்ட் ஸ்காட்டின் குழுவிலிருந்து மூன்று பேர் கேப் குரோசியர் நோக்கிக் கிளம்புகிறார்கள். மருத்துவரும் விலங்கியலாளருமான எட்வர்ட் வில்சன், 'பேர்டி' என்று அழைக்கப்பட்ட ஹென்றி பவர்ஸ், 25 வயதான ஆப்ஸ்லி செர்ரி-கரார்ட். தெற்கே ஜூன், ஜூலை நடுக் குளிர்காலம். சூரியனே கிடையாது. போன காரியம் எம்பரர் பென்குவின் முட்டை. அந்தக் கருவின் வளர்ச்சியில் பறவைகளின் பரிணாமம் பற்றிய தடயம் கிடைக்கும் என்று அன்றைக்கு நம்பினார்கள். எம்பரர் பென்குவின் நடுக் குளிர்காலத்தில்தான் அடைகாக்கும், அதனால் அப்போதுதான் போயாக வேண்டும். ஒரு வழி தூரம் சுமார் 108 கிலோமீட்டர். மூன்று பேர் இழுக்க வேண்டிய சுமை 340 கிலோவுக்கு மேல், இரண்டு சறுக்கு வண்டிகளில். நாய் கிடையாது, குதிரை கிடையாது.

ஸ்காட் குழுவின் கூடாரம் பிரமிடு வடிவம். மூங்கில் கம்புகள், மேலே கித்தான், உள்ளே இன்னொரு துணி அடுக்கு. இரட்டைச் சுவர். இரண்டுக்கும் நடுவில் காற்று நிற்கும், மூச்சின் ஈரம் உள்துணியில் பனித்தூளாகப் படியும். நல்ல வடிவமைப்புதான். பனிமான் தோல் பை ஆளுக்கு ஒன்று, அதற்கு உள்ளே போட்டுக்கொள்ள வாத்துத்தூவி நிரப்பிய பை. இனி செர்ரி-கரார்ட் சொல்வதைக் கேளுங்கள். அவர் 1922இல் வெளியிட்ட புத்தகம் ஆங்கிலப் பயண இலக்கியத்தில் ஆகச் சிறந்தவற்றில் ஒன்று என்று பலரும் சொல்வார்கள். எனக்கும் அதே கருத்துதான்.

ஜூலை முதல் வாரத்தில் ஒருநாள் தெர்மாமீட்டர் மைனஸ் 77.5 ஃபாரன்ஹீட் காட்டியது. நம் கணக்கில் மைனஸ் 60.8 டிகிரி செல்சியஸ். ஒரு காலையில் செர்ரி-கரார்ட் கூடாரத்திலிருந்து வெளியே வந்து, சுற்றிப் பார்க்கத் தலையைத் தூக்கினார். 15 வினாடி இருக்கலாம். அதற்குள் உடுப்பு உறைந்து இறுகிவிட்டது. தலையைக் கீழே இறக்க முடியவில்லை. அண்ணாந்த தலையோடு நான்கு மணி நேரம் வண்டி இழுத்தார். அதற்குப் பிறகு மூவரும் வெளியே வந்தவுடன், உடுப்பு உறைவதற்கு முன், வண்டி இழுக்கும் வாக்கில் குனிந்து நிற்கப் பழகிக்கொண்டார்கள்.

பகல் முழுக்க நடந்தபோது வந்த வியர்வை உடுப்புக்குள் பனியாக இருக்கும். ராத்திரி விறைத்த பைக்குள் காலை நுழைத்து, அங்குலம் அங்குலமாக இளக்கி உள்ளே போக ஒரு மணி நேரம் வரை ஆகும். உள்ளே போனதும் உடம்புச் சூட்டில் உடுப்பின் பனி உருகும். உருகிய தண்ணீர் பையின் தோலுக்குப் போகும். காலையில் பை மறுபடியும் உறையும். இதற்கு நடுவில் மூச்சு. முகத்தை வெளியே வைத்துத் தூங்க முடியாத குளிர். பையின் வாயை மூடிக்கொண்டு உள்ளேயே மூச்சு விட்டார்கள். காற்று கெட்டுப்போய் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். பைக்குள் தீக்குச்சி கிழித்தால் பற்றாது என்று எழுதுகிறார். தீக்குச்சிக்கே போதாத காற்றில் மனிதன் தூங்குகிறான்.

அவர் புத்தகத்தில் ஒரு எடைக் கணக்கு வருகிறது. முதல் தடவை படித்தபோது அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். கிளம்பும்போது அவருடைய தூங்கும் பை, உள்பையோடு சேர்த்து 18 பவுண்டு. ஆகஸ்ட் 1ஆம் தேதி திரும்பி வந்து எடை போட்டபோது 45 பவுண்டு. கூடியது 27 பவுண்டு, அதாவது 12 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவும் பனிக்கட்டி. வெளியிலிருந்து விழுந்த பனி அதில் கொஞ்சம்தான் இருக்கும். பெரும்பகுதி அவர் உடம்பிலிருந்து வந்த தண்ணீர்.

தொழில் புத்தி விடாதே, உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். ஜூன் 27 முதல் ஆகஸ்ட் 1 வரை 36 நாள். 12.2 கிலோவை 36ஆல் வகுத்தால் நாளுக்கு 340 கிராம். ஒரு மனிதன் உழைக்காமல் சும்மா இருந்தாலே தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஒரு நாளில் முக்கால் லிட்டருக்குமேல் தண்ணீரை இழக்கிறான். அதில் கிட்டத்தட்டப் பாதி தப்பிக்க வழியில்லாமல் தினமும் பையில் தங்கியிருக்கிறது. கணக்கு உதைக்காமல் பொருந்துகிறது. எங்கள் பாஷையில் சொன்னால் இது மெமரி லீக். நினைவகத்தை எடுத்துக்கொண்டே போய்த் திருப்பித் தராத நிரல் மாதிரி. ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஐந்து வாரம் ஓட்டினால் எல்லாம் நின்றுவிடும். வார இறுதியில் ஒரே ஒரு ராத்திரி கூடாரத்தில் தூங்கிவிட்டு வந்து "சூப்பரா இருந்துச்சு" என்று சொல்பவர்களின் பேச்சை வைத்து, பத்து நாள் பயணத்துக்குப் படுக்கை வாங்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பவர்ஸ் தன்னிடம் இருந்த, பயன்படுத்தாத தூவிப் பையை செர்ரி-கரார்டுக்குக் கொடுக்க முன்வந்தார். முதலில் மறுத்த செர்ரி-கரார்ட், பிறகு வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டார். காய்ந்த ஒரு தூவிப் பை அந்த இடத்தில் தங்கத்தைவிடப் பெரிது. அதைக் கொடுத்தவனும் அதே குளிரில்தான் படுத்திருந்தான்.

குரோசியரில் ஒரு மலைச்சரிவில் கல்லால் சுவர் எழுப்பி, மேலே கித்தானை இழுத்துக் கட்டி ஒரு குடில் செய்தார்கள். பென்குவின் கொழுப்பை எரிக்கும் அடுப்பிலிருந்து கொதிக்கும் எண்ணெய் ஒரு துளி தெறித்து வில்சனின் கண்ணில் விழுந்தது. ஜூலை 22 புயலில் வெளியே நின்ற கூடாரம் பறந்துபோனது. மறுநாள் குடிலின் கித்தான் கூரையும் கிழிந்தது. அன்று வில்சனுக்கு 39ஆவது பிறந்தநாள். மூவரும் பைகளுக்குள் சுருண்டு, மேலே பனி மூடிக்கொள்ள, பாட்டுப் பாடிக்கொண்டு கிடந்தார்கள். கூடாரம் இல்லாமல் திரும்பிப் போக முடியாது என்பது மூவருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. புயல் தணிந்த பிறகு பவர்ஸ் தேடிப்போய், சரிவின் அடியில், அரை மைல் தள்ளி, கூடாரம் கிடப்பதைக் கண்டுபிடித்தார். பெரிய சேதமில்லை. அன்று ராத்திரியிலிருந்து அவர் கூடாரத்தின் கயிற்றைத் தன் உடம்போடு கட்டிக்கொண்டு தூங்கினார். போனால் இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம் என்று.

முட்டைகள் ஐந்தில் மூன்று பிழைத்தன. 1913இல் செர்ரி-கரார்ட் அவற்றை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குத் தானே கொண்டுபோனார். அங்கே அவரைக் காக்கவைத்து அலட்சியமாக நடத்தியதைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதி, அரசு அலுவலக வாசலில் நின்ற நம் எல்லோருக்கும் புரியும். வில்சனும் பவர்ஸும் அப்போது உயிரோடு இல்லை.

அதே 1911இல் அண்டார்டிகாவின் இன்னொரு பக்கத்தில் ரோல்ட் அமுண்ட்சென் இருந்தார். 1903 முதல் 1906 வரை 'யோவா' கப்பலில் வடமேற்குக் கடல்வழியைக் கடந்தபோது, கிங் வில்லியம் தீவில் நெட்சிலிக் இனுயிட் மக்களோடு சுமார் இரண்டு வருடம் பக்கத்தில் வாழ்ந்து அவர்களிடம் பாடம் கேட்டவர். தோல் உடுப்பைத் தொளதொளவென்று போட வேண்டும், உள்ளே காற்று ஓட வேண்டும், வேர்க்க விடக்கூடாது. இது அவர் அங்கே கற்றது. தெற்கே அவர் கொண்டுபோன கூடாரங்களில் தரை விரிப்பு சுவரோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. கீழே காற்று புகாது. துணிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றினார், வெயில் சூட்டை வாங்கிக்கொள்ளட்டும் என்று. பளீரென்ற வெண்மையில் நடந்து வந்த கண்ணுக்கும் அந்த இருட்டு ஓய்வு.

அமுண்ட்செனை எல்லாம் தெரிந்த ஞானியாகக் காட்டுவது இப்போது ஒரு ஃபேஷன். அதையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு 1911 செப்டம்பர் 8ஆம் தேதியே தென்துருவத்துக்குக் கிளம்பினார். நான்கு நாளில் மைனஸ் 56 டிகிரி. திசைகாட்டியின் திரவம் உறைந்துபோனது, பைகளெல்லாம் பனியேறி விறைத்தன. சிலருக்குக் குதிகாலில் உறைபனிப் புண். திரும்பி வந்துவிட்டார். அக்டோபரில் மறுபடியும் கிளம்பி டிசம்பர் 14இல் துருவத்தைத் தொட்டார். நெட்சிலிக் மக்களின் உடுப்பே அந்தக் குளிரில் கூடாரத்துக்குள் போதவில்லை என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. நெட்சிலிக் மக்கள் அப்படிப்பட்ட குளிரில் துணிக் கூடாரத்தில் தூங்கவே மாட்டார்கள், பனிக்கட்டி வீடு கட்டிவிடுவார்கள். உடுப்பும் வீடும் விளக்கும் சேர்ந்த ஏற்பாடு அது.

இன்னொரு சின்ன விஷயத்தில் அமுண்ட்சென் முந்திக்கொண்டார். மண்ணெண்ணெய், குளிரில் டின் மூடியின் இடுக்கு வழியாகக் கசியும். யோவா பயணத்தில் இதைப் பார்த்தவர், டின்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து மூடிவிட்டார். ஸ்காட்டின் டின்களில் தோல் வாஷர். 1912 பிப்ரவரி, மார்ச்சில் துருவத்திலிருந்து திரும்பும் வழியில், கிடங்குக்குக் கிடங்கு எண்ணெய் குறைந்திருந்ததை அவர் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே வருகிறார். எண்ணெய் இல்லையென்றால் தண்ணீர் இல்லை, சூடான உணவு இல்லை, ஈரக் காலுறை காயாது. அந்த மார்ச் மாதம் வழக்கத்தைவிடக் கடுமையான குளிர் என்று வானிலைப் பதிவுகளை ஆராய்ந்த சூசன் சாலமன் காட்டியிருக்கிறார். ஸ்காட், வில்சன், பவர்ஸ் மூவரும் கடைசியாகப் படுத்த கூடாரம், அடுத்த பெரிய கிடங்கிலிருந்து 18 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. நவம்பர் 12இல் அதைக் கண்டுபிடித்த குழுவில் செர்ரி-கரார்டும் இருந்தார்.

எண்ணெய் தீர்ந்து இறந்தவர்களைப் பார்த்தோம். எண்ணெய் நிறைய இருந்தும் சாகக் கிடந்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்க அட்மிரல் ரிச்சர்ட் பேர்ட், 1934 மார்ச் இறுதியிலிருந்து, ராஸ் பனிப்பரப்பில் புதைத்து வைத்த ஒரு சின்ன அறையில் தன்னந்தனியாக வானிலை பதிவு செய்துகொண்டிருந்தார். அருகில் இருந்த முகாம் சுமார் 200 கிலோமீட்டர். புகைக்குழாயின் இணைப்புகள் சரியாகப் பொருந்தவில்லை. காற்று வரும் வழியில் பனி அடைத்துக்கொண்டது. மே 31 அன்று, ரேடியோவுக்கான பெட்ரோல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த சுரங்கத்தில் மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கும் மேல் ஒரு கொடுமையான கணக்கு. அடுப்பை எரித்தால் நஞ்சு, அணைத்தால் குளிர். தினமும் எவ்வளவு நஞ்சு, எவ்வளவு குளிர் என்று அளந்து வாழ்ந்தார். உதவி கேட்டால் நடுக் குளிர்கால இருட்டில் வந்து மற்றவர்கள் சாவார்கள் என்று சொல்லாமல் இருந்தார். அவர் அனுப்பிய மோர்ஸ் தடுமாறுவதை வைத்து முகாமில் இருந்தவர்கள் சந்தேகப்பட்டு, ஆகஸ்ட் 10இல் டிராக்டரில் வந்து சேர்ந்தார்கள்.

பாரென்ட்ஸ் குழுவுக்கு நேர்ந்தது பேர்டுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. காரணம் புரிந்திருந்தும் குளிர் நெருக்கும்போது மனிதன் ஓட்டையைத்தான் முதலில் அடைக்கிறான். கார்க் கூடாரத்தில் ஜன்னல் ஜிப்பை முழுக்க இழுத்து மூடுகிற கையும் அதே கைதான். இப்போது விற்கிற டீசல் ஹீட்டர்கள் எரிப்பதை வெளியே வைத்துக்கொண்டு, சூடான காற்றை மட்டும் குழாய் வழியாக உள்ளே அனுப்புகின்றன. அது நியாயமான வடிவமைப்பு. சமையல் கேஸ் அடுப்பை உள்ளே ஏற்றிக் குளிர் காய்வது நியாயமே இல்லை. கேஸ் எரிந்தால் தண்ணீர் ஆவியும் வரும். செர்ரி-கரார்டின் பைக்கு நீங்களாகவே தண்ணீர் ஊற்றுகிற மாதிரி.

லடாக் நண்பர்களுக்குக் கடைசியில் நான் சொல்வது இவ்வளவுதான். எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு ஜன்னலைக் கை நுழையும் அளவுக்குத் திறந்து வையுங்கள். மெத்தைக்கு அடியில் காற்று ஓடும் வலை விரிப்பும், மேலே மூடிய நுரைப் பாயும் போடுங்கள். பகலில் போட்ட உடுப்போடு படுக்காதீர்கள். மூக்கு, வாயைப் பைக்குள் விடாதீர்கள், குல்லா போட்டுக்கொள்ளுங்கள். காலையில் வெயில் வந்ததும் பையை உள்வெளியாகத் திருப்பி அரை மணி நேரம் காயப்போட்ட பிறகே சுருட்டுங்கள். ராத்திரி சுடுதண்ணீர் பாட்டிலைக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். நோவாயா செம்லியாவின் சுட்ட கல்தான், கொஞ்சம் மென்மையாக.

பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தின் களக் குழுக்கள் இன்றைக்கும் பிரமிடு கூடாரத்தில்தான் தூங்குகிறார்கள். ஸ்காட் கூடாரம் என்றே அதற்குப் பெயர். இரட்டைச் சுவர், குழாய் மாதிரி நுழைவாயில், உச்சியில் காற்றுப் போக ஒரு குழல். ஒருவருக்கான படுக்கையில் அடியில் ஒட்டுப்பலகை, அதன்மேல் நுரைப் பாய், அதன்மேல் காற்றடைத்த மெத்தை, அதன்மேல் ஓர் ஆட்டுத்தோல், அதற்கும் மேல்தான் தூவிப் பை.